முப்பிடாதியக்காவின் சலூன் நாற்காலி

முப்பிடாதியக்கா நாற்காலி வாங்கக் கிளம்பியபோது இடுப்பில் ஒரு சணல் கயிற்றைச் செருகிக்கொண்டாள். ஒரு முழமும் ஒரு சாணும் நீளம், இரண்டு முனையிலும் முடிச்சு. கடைக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, உறை தைக்க அளவெடுக்கிறாள் என்று நினைத்தார்கள். அது உறைக்கான அளவு இல்லை. அதற்கு முந்தைய வருஷம், 1966 ஜூலையில், தாராவியில் எங்கள் சந்துக்குள் ஏறிய தண்ணீரின் அளவு. சுவரில் சேறு விட்டுப்போன கோடு வரைக்கும் தரையிலிருந்து கயிறு பிடித்து, வெட்டி வைத்திருந்தாள்.

நான் அவளுக்கு எதிர் வீடு. பெயர் கணேசபாண்டியன். அப்போது எனக்கு முப்பது வயது, குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சந்து மூன்றடி அகலம், அதில் பாதி சாக்கடை. அவள் அடுப்பு பற்றவைத்தால் எங்கள் வீட்டில் கண் எரியும். இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம்.

அக்காவும் அவள் வீட்டுக்காரர் வெயிலுமுத்து அண்ணாச்சியும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து சுதந்திரம் வந்த மறு வருஷம் பம்பாய்க்கு வந்தவர்கள். அண்ணாச்சிக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. பதினேழு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றார். அக்கா முறுக்கு போட்டு விற்றாள். ஒரே மகளைக் கல்யாண் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பத்தடிக்கு எட்டடி வீடு, அதில் ஒரு பக்கம் அடுப்பு, எண்ணெய் டின், முறுக்கு டின். தலைக்கு மேல் பலகை அடித்து ஒரு மாலா. இங்கே பரணுக்கு அப்படித்தான் பெயர், அதில் ஏணி வைத்து ஏறிப் பாதி சந்து தூங்கும்.

அக்காவிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் யாரும் கிடையாது. ஏனென்றால் அவள் வாக்குவாதமே செய்யமாட்டாள். எதிராளி பேசி முடிக்கிற வரைக்கும் முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பாள். அவர் மூச்சு வாங்கி நிறுத்தியதும், தான் நினைத்ததைச் செய்வாள்.

அறுபத்தைந்தில் அண்ணாச்சிக்கு இழுப்பு வந்தது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவிட்டு, இனி இவர் மட்டமாகப் படுக்கக் கூடாது, பாதி சாய்ந்த மாதிரியே தூங்க வேண்டும், நனையவும் கூடாது என்றார்கள். அக்கா ஒரு கான்வாஸ் சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டாள். துணி தொங்கிய நாற்காலி அது, உட்கார்ந்தால் இடுப்பு தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும். அதில் அவர் ஓரளவு தூங்கினார்.

அடுத்த ஜூலையில் மழையும் கடலேற்றமும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. மாஹிம் கழிமுகத்துத் தண்ணீர் திரும்பி எங்கள் சந்துக்குள் ஏறியது. எல்லாரும் மாலாவுக்கு ஏறினோம். அண்ணாச்சியால் ஏணி ஏற முடியாது, ஏற்றினாலும் தகரக் கூரைக்கு அடியில் அவருக்கு மூச்சு கிடைக்காது. அக்கா நான்கு மண்ணெண்ணெய் டின்களைக் கவிழ்த்து, அதன்மேல் நாற்காலியை வைத்து அவரை உட்கார்த்தினாள். ஒரு டின் சேற்றில் வழுக்கியது. நாற்காலிச் சட்டம் முறிந்து, அவர் அப்படியே தண்ணீருக்குள் சரிந்தார். நாங்கள் நான்கு பேர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்தார். ஆனால் இன்னொரு முறை இப்படி நனைந்தால் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வெட்டியதுதான் அந்தக் கயிறு.

செங்கல்லில் மேடை கட்டலாமே என்று நான் சொன்னேன். கட்டினால் அடுப்பும் டின்களும் எங்கே போகும், பிறகு எதை விற்றுச் சாப்பிடுவது என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அண்ணாச்சி சாய்ந்து தூங்க வேண்டும், தண்ணீர் வந்தால் அவருக்குக் கீழேயே அது நிற்க வேண்டும், வருஷா வருஷம் வாங்காமல் உழைக்க வேண்டும். அடுத்த மழைக்கு முன்னால் அது வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

அறுபத்தேழு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். குர்லாவில் எனக்குக் கடைகள் தெரியும், அவளுக்கு இந்தி அரைகுறை. மூன்று கடை ஏறினோம்.

முதல் கடையில் ஸ்ப்ரிங் சோஃபா. கடைக்காரர் கையால் அமுக்கி விட்டார், பந்து போல எழும்பியது. அக்கா கயிற்றின் ஒரு முடிச்சைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு மறு முடிச்சை மேலே தூக்கினாள். கயிறு இருக்கையைத் தாண்டிக் கைப்பிடி வரைக்கும் போனது. முங்கிவிடும் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

இரண்டாவது கடையில் தேக்கு நாற்காலி. முதுகுப் பலகையை ஒரு கம்பியில் மாட்டி நான்கு விதமாகச் சாய்க்கலாம். மெத்தைக்குள் தேங்காய் நார். அக்கா அதில் உட்கார்ந்து சாய்ந்து பார்த்தாள். பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து, நார் நனைந்தால் எத்தனை நாளில் காயும் என்று கேட்கச் சொன்னாள். நல்ல வெயிலில் நான்கு நாள் என்றார் கடைக்காரர். ஜூலை மாதத்தில் நான்கு நாள் வெயிலுக்கு எங்கே போவது?

மூன்றாவது கடையில் அப்போது புதிதாக வந்த ரப்பர் பஞ்சு மெத்தை. கட்டைவிரலால் அமுக்கிய பள்ளம் கண் முன்னால் எழும்பியது. மேலே சிவப்பு ரெக்சின், கால் நீட்டிக்கொள்ளத் தனியாக ஒரு குட்டி முக்காலி. கடைக்காரர் பத்து வருஷம் உழைக்கும் என்றார். அக்கா மறுபடியும் கயிற்றை எடுத்தாள். எத்தனை மணி நேரம் தண்ணீரில் நிற்கும் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வேண்டியது சோஃபாவா படகா என்று இந்தியில் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. மொழிபெயர்க்காமல் நின்றேன். அவளுக்கு அது மட்டும் புரிந்துவிட்டது.

“படகு மாதிரி சோஃபா இருந்தா காட்டச் சொல்லு தம்பி” என்றாள்.

திரும்பி வரும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவள் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, சொகுசு எல்லாவற்றிலும் இருக்கிறது, உயரம்தான் எதிலும் இல்லை என்றாள். நாற்காலி செய்கிறவர்கள் எல்லாரும் தரை காய்ந்திருக்கும் என்று நம்பித்தான் செய்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கடுத்து நடந்ததை மாஹிம் கரீம் பாட்சா எனக்குப் பிற்பாடு சொன்னார். அவர் மேலப்பாளையத்துக்காரர், ஸ்டேஷன் பக்கம் சலூன் வைத்திருந்தார். மூன்று நாற்காலி சலூன். அக்கா தினமும் சாயங்காலம் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து டீக்கடைகளுக்கு முறுக்குப் போடுவாள், சலூன் வாசலில் நின்று அவருக்கும் இரண்டு கொடுப்பாள். வாசல்படியைத் தாண்டமாட்டாள். சலூனுக்குள் பொம்பிளைகளுக்கு என்ன வேலை?

ஒருநாள் குள்ளமான ஒருவர் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். பாட்சா இருக்கையைப் பிடித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றினார். ஆளோடு சேர்ந்து இருக்கை மேலே ஏறியது. கால் வைக்கும் இரும்புத் தட்டும் கூடவே ஏறியது. அக்கா டின்னை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். முகத்தில் சோப்பு நுரையோடு இருந்தவர் மிரண்டுபோனார்.

“பாய், இது இன்னும் ஏறுமா?” என்று கேட்டிருக்கிறாள்.

மூலையில் சும்மா கிடந்த மூன்றாவது நாற்காலியைப் பாட்சா காட்டினார். பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு பெரிய சலூனில் வெள்ளைக்காரன் காலத்தில் ஓடிய சாமான். எனாமல் பூசிய இரும்புக் கால், நான்கு பேர் தூக்க வேண்டிய கனம். நடுவில் தடித்த திருகு. பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் முதுகு சாயும். தலைக்கு ஒரு திண்டு, அதை ஏற்றி இறக்கலாம். மேலே கறுப்பு ரெக்சின், இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. பாட்சா புது நாற்காலிகள் வாங்கப் போவதால் அதை விற்றுவிட நினைத்திருந்தார்.

அக்கா அதில் ஏறி உட்கார்ந்தாள். முறை வருவதற்குக் காத்திருந்த ஆண்கள் எல்லாம் தினசரியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாட்சா முதுகைச் சாய்த்து, திண்டைக் கழுத்துக்குக் கொடுத்து, மெல்லச் சுற்றி உச்சிக்கு ஏற்றினார். “எங்கிட்ட வந்து சாஞ்சவன் எல்லாம் கண்ணை மூடிருவான். இவளும் மூடுனா. ஆனா கையில இருந்த கயித்தை மட்டும் விடல” என்றார் அவர். பிறகு அவள் கயிற்றின் முடிச்சை இருக்கையின் அடிப்பலகையில் வைத்துக் கீழே தொங்கவிட்டாள். மறு முடிச்சு தரையைத் தொடவில்லை. நான்கு விரல்கடை மிச்சம் இருந்தது.

பாட்சா நேர்மையான மனுஷர். ஒரு குறையையும் சொல்லித்தான் விற்றார். ஏற்றிய இருக்கை திரும்பச் சுற்றி இறங்காமல் நிறுத்துகிற ஆணி முனை தேய்ந்திருந்தது. கீழே இறக்கி வைத்திருந்தால் பயமில்லை. உயரத்தில் ஆள் இருக்கும்போது ஆணி பிடிக்காவிட்டால் திருகு தன்னால் சுற்றி இறங்கிவிடும். லேத்தில் புது ஆணி ஒன்று கடைந்து போட்டால் இன்னும் முப்பது வருஷம் ஓடும் என்றார்.

“எங்க எதுத்த வீட்டுத் தம்பி லேத்துலதான் வேலை பாக்கு” என்று அக்கா பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கைவண்டியில் நாற்காலி சந்து முனைக்கு வந்தபோது எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இருக்கையைத் திருகிலிருந்து கழற்றி இரண்டு துண்டாக உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. வண்டிக்காரர்கள்தான் தூக்கினார்கள். போன வருஷம் அண்ணாச்சியைத் தோளில் தூக்கிய நாங்கள் நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

இதற்குக் காரணம் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் ஆட்களில் முடி வெட்டிவிட்டு வந்தால் வாசலில் நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அதுவரைக்கும் பெற்ற பிள்ளையைக் கூடத் தொடமாட்டோம். குழாயில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வருகிற தாராவியில், முடி வெட்டப் போகிறவனுக்கென்று ஒரு வாளி தனியாக எடுத்து வைக்கிற வீடுகள் அவை. அப்படியிருக்க, ஊர் முடியெல்லாம் உதிர்ந்த நாற்காலியை விளக்கேற்றுகிற வீட்டுக்குள் கொண்டுவந்து போடுவதா? என் மனைவி பேராச்சி, அக்கா வீட்டு முறுக்கை இனி பிள்ளைகள் தொடக் கூடாது என்றாள். நான் சரி என்றேன்.

அக்கா நாற்காலியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அண்ணாச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அவள் பிடுங்கல் தாங்காமல் ஏறி உட்கார்ந்தார். அரைமணி நேரம் சாய்ந்திருந்தார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாராம். பிறகு இறங்கி, நேரே வாசலுக்கு வந்து, தலையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சலூன் நாற்காலியிலிருந்து இறங்கியவன் குளிக்காமல் எப்படி அடுப்படிக்குப் போவது? ஊற்றமாட்டேன் என்று அக்கா சொல்லச் சொல்ல, அவரே வாளியை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார். மூன்று நாள் இழுப்பு. நனையக் கூடாது என்று வாங்கிய நாற்காலி அவரை நனைத்தது.

அந்த வாரம்தான் அக்கா தேய்ந்த ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தாள். சுண்டுவிரல் நீளம் இருக்கும். புதுசு ஒன்று கடைந்து தர முடியுமா தம்பி என்று கேட்டாள். எனக்கு மனசில்லை. சலூன் சாமானைத் தொட்டால் தொழில் விளங்குமா என்று ஒரு பக்கம், சந்துக்காரர்கள் என்னையும் சேர்த்துப் பேசுவார்களே என்று ஒரு பக்கம். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. பட்டறை முதலாளி சேட் வெளி வேலை செய்ய விடமாட்டார் என்று பொய் சொன்னேன். உண்மையில் எங்கள் சேட் அதையெல்லாம் கவனிக்கிற ஆளே இல்லை.

“சரி, வச்சுக்கோ. சேட்டு மனசு மாறுனா பாரு” என்று ஆணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அதை மாடக்குழியில் போட்டேன்.

அடுத்து அவள் ஒரு காரியம் செய்தாள். அவள் பெயருக்குரிய அம்மன்தான் அவள் குலதெய்வமும். ஊரிலிருந்து கொண்டுவந்த முப்பிடாதி அம்மன் படம், கண்ணாடிச் சட்டம் போட்டது, சுவரில் தொங்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அதை இறக்கி, சலூன் நாற்காலியில் பட்டுத்துணி விரித்து, அதில் சாய்த்து வைத்துப் பூப் போட்டு விளக்கேற்றிவிட்டாள். அம்மனே உட்கார்ந்த பிறகு தீட்டு எங்கே இருக்கிறது, இனி அவர் குளிக்காமல் இறங்குவார் என்பது அவள் கணக்கு. மூன்று செவ்வாய், மூன்று வெள்ளி வைத்துப் பூசை செய்தாள்.

சந்து முழுக்க அடங்கிவிட்டது. அடங்கியதோடு நில்லாமல் கும்பிடவும் வந்துவிட்டது. முறுக்கு தொடக் கூடாது என்ற பேராச்சி மல்லிகைச் சரத்தோடு போனாள். எனக்கும் திருநீறு வந்தது, பூசிக்கொண்டேன். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிவந்து நாற்காலிக்கு முன்னால் கிடத்தினார்கள். தலைத் திண்டுக்கு யாரோ குங்குமப் பொட்டு வைத்தார்கள்.

மூன்றாவது வெள்ளி முடிந்ததும் அக்கா அண்ணாச்சியை உட்காரச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். அம்மன் அமர்ந்த இடத்தில் மனுஷன் உட்காருவதா என்று கேட்டார். போன மாதம் தாழ்ந்திருந்ததால் ஒதுக்கிய நாற்காலியில் இந்த மாதம் உயர்ந்துவிட்டதால் உட்காரவில்லை. படத்தைச் சுவருக்குக் கொண்டுபோகவும் சந்து விடவில்லை. வந்து அமர்ந்தவளை எழுப்பலாமா என்று பேராச்சியே சண்டைக்குப் போனாள். அண்ணாச்சி பழையபடி சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தே இரவைக் கழித்தார். அவருக்குப் பக்கத்தில் இவளும் உட்கார்ந்தே தூங்கினாள். அம்மன் மட்டும் சொகுசாகச் சாய்ந்திருந்தாள்.

மழை ஜூனில் பிடித்தது. ஜூலையில் ஒருநாள் காலை, முந்தின நாளிலிருந்து விடாமல் அடித்து, ரயில் நின்றுவிட்டது. நான் வேலைக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்குச் சாக்கடை பொங்கியது. பத்து மணிக்கு வீட்டுக்குள் கணுக்கால், அரைமணியில் முழங்கால். பேராச்சியையும் பிள்ளைகளையும் மாலாவில் ஏற்றிவிட்டு இறங்கினேன். எதிர் வீட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள், ஒரு கை கொடுக்க வேண்டுமாம்.

அண்ணாச்சி எண்ணெய் டின்மேல் குந்தியிருந்தார். டின் ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சு விசிலடிப்பது வாசல் வரைக்கும் கேட்டது. போன வருஷத்து நீல உதடு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, நான் பயந்துபோனேன். பக்கத்தில் இரும்பு நாற்காலி அசையாமல் நின்றது, தண்ணீர் இன்னும் இருக்கையைத் தொடவில்லை. அதில் அம்மன்.

“இங்கேரும், ஏறி உக்காரும்” என்றாள் அக்கா.

“அம்மன் இருக்க எடத்துலயா? ஏட்டி, சாவுறது போதாதுன்னு பாவமும் சேக்கணுமா?” அவர் இதைச் சொல்லி முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கினார்.

அவள் எப்போதும் போல வாக்குவாதம் செய்யவில்லை. படத்தைப் பட்டுத்துணியோடு தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“மாலாவுல கூரை ஒழுவுது. சுவரு நனைஞ்சு ஆணி ஆடுது. இவளைத் தண்ணியில விடவா? இவளுக்கு இப்ப ஒரு மடி வேணும். நான் கீழ நிக்கணும். நீரு ஏறி உக்காந்து மடியில வச்சுப் பிடிச்சுக்கிடும்.”

அவர் அம்மனைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நானும் அவளும் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் ஏற்றினோம். சாய்த்து, தலைக்குத் திண்டு கொடுத்து, மடியில் படத்தை வைத்தாள் அக்கா. நான் இருக்கையைச் சுற்றினேன். சுற்றுக்கு ஒரு விரல்கடை ஏறினார். அம்மனைக் கட்டிக்கொண்டு ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பார், ஒருமுறை சுவரைப் பார்ப்பார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். உச்சிக்கு வந்ததும் அக்கா போதும் என்றாள்.

ஆணிக்கு என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், எந்த ஆணி என்று அவள் திருப்பிக் கேட்பாளோ என்று பயம். அவள் நாற்காலிக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, நீ போய்ப் பிள்ளைகளைப் பார் தம்பி என்றாள். போய்விட்டேன்.

எங்கள் மாலாவிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுக்குள் பாதி தெரியும். தண்ணீர் சுவரில் பழைய கோட்டைத் தொட்டது, கொஞ்சம் தாண்டவும் செய்தது. முறுக்கு டின்கள் மிதந்து வாசலுக்கு வந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அண்ணாச்சி அதற்கெல்லாம் மேலே நனையாமல் இருந்தார். அக்கா தொடைக்கு மேல் தண்ணீரில், நாற்காலிக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்த மாதிரி சாய்ந்து நின்றாள். நீயும் ஏணியில் ஏறேன் அக்கா என்று இரண்டு முறை கத்தினேன். இங்கேயே நிற்கிறேன் என்று கை காட்டினாள். எவ்வளவு பிடிவாதம் என்று பேராச்சியிடம் சலித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் அண்ணாச்சியின் தலை ஒரு பக்கமாகத் திண்டில் விழுந்தது. முடிந்தது என்று நினைத்து நான் ஏணியில் கால் வைத்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். தூங்குகிறார்.

மூன்று மணிக்கு மேல்தான் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. நான் சந்தைக் கடந்து போனேன். அண்ணாச்சி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த விசில் சத்தம் இல்லை. இரண்டு வருஷமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. அம்மன் மடியில் பத்திரமாக இருந்தாள்.

நாற்காலிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆணி இருக்க வேண்டிய துளைக்குள், எண்ணெயிலிருந்து முறுக்கை அரித்தெடுக்கிற நீளக் கரண்டியின் காம்பைச் செருகியிருந்தாள். காம்பு துளைக்குச் சிறுத்தது, தானாக நிற்காது. அவர் அசையும்போதெல்லாம் திருகு சுற்றப் பார்க்கும். அதனால் கரண்டியை ஒரு பக்கமாக நெருக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்குக் கை காட்டியபோதும் உதட்டில் விரல் வைத்தபோதும் ஒரு கை. மற்ற நேரமெல்லாம் இரண்டு கை. ஐந்து மணி நேரம்.

விடு அக்கா, நான் பிடிக்கிறேன் என்றேன்.

“கை வரமாட்டேங்கு தம்பி” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு தகவல் போலச் சொன்னாள்.

ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன். உள்ளங்கையில் கரண்டிக் காம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, மெதுவாகச் சுற்றி இறக்கு, முழித்துவிடப் போகிறார் என்று மட்டும் சொன்னாள். இறக்கினேன். அவர் முழிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து பசிக்கிறது என்றார். குளிக்கத் தண்ணீர் கேட்கவில்லை.

அம்மன் மறுநாள் சுவருக்குத் திரும்பினாள், யாரும் சண்டைக்குப் போகவில்லை. அண்ணாச்சி அந்த நாற்காலியில் இன்னும் நான்கு மழைக்காலம் தூங்கினார். அக்கா அவருக்குக் கீழே தரையில் பாய் விரித்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தாள். ஆணியைப் பற்றி அவள் என்னிடம் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அது எங்கள் வீட்டு மாடக்குழியில் பேராச்சியின் சீப்புக்குப் பக்கத்தில் இரண்டு மாதமாகக் கிடந்தது. ரயில் ஓட ஆரம்பித்த அன்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். அதை வைத்து அளவு பார்த்து, நல்ல எஃகுத் துண்டு ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினேன். சேட் பக்கத்தில்தான் நின்றிருந்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை. கடைந்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.